எந்த ஃபண்டுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி: திருவேற்காடு பஸ் ஸ்டாண்டுல கத்துக்கிட்ட டிசைன் திங்கிங்



"அண்ணா, மாசம் ஆயிரம் ரூபாய் எஸ்ஐபி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த ஃபண்டுல போடட்டும்?" நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இதுதான் அதிகம். நான் உடனே ஃபண்டு பேர் சொல்ல மாட்டேன். "சம்பளம் எந்தத் தேதியில வருது? டியூ எல்லாம் எந்தத் தேதியில போகுது?"ன்னு திருப்பிக் கேட்பேன். சிலருக்கு இது எரிச்சலா இருக்கும்னு தெரியும். ஒரு பேர் கேட்டா இவன் ஏன் நம்ம பாஸ்புக்கை நோண்டுறான்னு தோணும். இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு போன வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டேன். முழுக்கதையை இங்க எழுதுறேன்.

2019. எம்பிஏ ரெண்டாவது வருஷம். திருவேற்காடு பக்கத்துல ஒரு காலேஜ். டிசைன் திங்கிங்னு ஒரு பேப்பர், அதுக்கு அஞ்சு பேர் சேர்ந்து ஒரு டீம் புராஜெக்ட் செய்யணும். ஒரு பிரச்சினையை எடுத்து, அதுக்குத் தீர்வு ஒண்ணை வடிவமைச்சு, செஞ்சு காட்டணும். நாங்க அஞ்சு பேரும் கேன்டீன்ல உட்கார்ந்து அரை மணி நேரத்துல எழுதின பிரச்சினை இது: "இன்றைய இளைஞர்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை." தீர்வு? ஒரு ஆப். செலவைப் பதிவு பண்ணும், கலர் கலரா வட்டம் காட்டும், அதிகமா செலவு பண்ணா திட்டும். பிபிடி ரெடி.

மேடம் அதைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இதுக்காக யார்கிட்ட பேசினீங்க?"

யார்கிட்டயும் பேசலை. நாங்களே இளைஞர்கள்தானே, எங்களுக்குத் தெரியாதான்னு ஒரு நினைப்பு.

அன்னைக்கு வகுப்புல அவங்க சொன்ன கதைதான் என் மண்டையில ஏறுச்சு. அதுவும் ஒரு மாணவர் டீமோட புராஜெக்ட் கதைதான். 2007ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட டிசைன் பள்ளியில, "டிசைன் ஃபார் எக்ஸ்ட்ரீம் அஃபோர்டபிலிட்டி"ன்னு ஒரு பாடம். ரொம்ப ஏழை மக்களாலயும் வாங்க முடியற மாதிரி ஒரு பொருளை மாணவர்கள் வடிவமைக்கணும். ஒரு டீமுக்குக் கிடைச்ச வேலை, குறை மாசத்துல பிறக்கிற குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர். அப்போ நல்ல இன்குபேட்டர் ஒண்ணு 20,000 டாலர் வரைக்கும் போகும். அதை நூத்துல ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவரணும். ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் இவங்கதான் பின்னாடி அதைக் கம்பெனியா எடுத்துட்டுப் போனவங்க.

சாதாரணமா என்ன செஞ்சிருப்பாங்க? இருக்கிற இன்குபேட்டரைப் பிரிச்சு, எந்த பார்ட்டைக் குறைக்கலாம், எதைப் பிளாஸ்டிக்ல செய்யலாம்னு கணக்கு போட்டிருப்பாங்க. மார்க்கும் கிடைச்சிருக்கும். ஆனா லைனஸ் லியாங் நேபாளத்துக்குப் போய் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்க இன்குபேட்டர் இருந்துச்சு. தானமா வந்தது. ஆனா நிறைய காலியா கிடந்துச்சு. டாக்டர்கிட்ட விசாரிச்சப்போதான் விஷயம் தெரிஞ்சது: குறை மாசக் குழந்தைகள் பிறக்கிறது தூரத்து கிராமத்துல, வீட்டுல. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ளயே உடம்பு சூடு குறைஞ்சு உயிர் போயிடுது. அப்போ இன்குபேட்டர் விலையைக் குறைச்சு என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரியில காலியா நிக்கிற பெட்டி இன்னும் ஒண்ணு கூடும், அவ்வளவுதான்.

டீம் திரும்பி வந்து, கேள்வியையே அடிச்சுட்டு வேற எழுதினாங்க. கரண்ட் இல்லாத ஊர்ல, பயிற்சி இல்லாத ஒரு அம்மா கையால, குழந்தையைச் சூடா வெச்சிருக்க என்ன வேணும்? அதுக்கு வந்த பதில் இன்குபேட்டர் மாதிரியே இல்ல. குட்டி ஸ்லீப்பிங் பேக் மாதிரி ஒரு பை. முதுகுப் பக்கத்துல மெழுகு மாதிரி ஒரு பொருள் அடைச்ச பாக்கெட். அதைச் சூடாக்கி உள்ள வெச்சா, நாலு முதல் ஆறு மணி நேரம் வரைக்கும் 37 டிகிரி சூட்டுல நிக்கும். எம்ப்ரேஸ்னு பேர் வெச்சாங்க. படிப்பு முடிஞ்சதும் அதைப் பெட்டியில போட்டு மூடாம, பெங்களூருக்குக் குடிவந்து பல வருஷம் மாத்தி மாத்தி செஞ்சாங்க.

இந்தியாவுல கிராமத்து அம்மாக்கள்கிட்ட காட்டினப்போ இன்னொரு அடி விழுந்துச்சு. முதல் மாதிரியில சூடு எவ்வளவுன்னு நம்பர் காட்டுற மாதிரி வெச்சிருந்தாங்க. இங்கிலீஷ் மருந்து ரொம்ப ஸ்ட்ராங், அதனால டாக்டர் சொன்னதுல பாதிதான் குடுப்போம்ங்கிற நம்பிக்கை அங்க இருந்துச்சு. 37 டிகிரின்னு சொன்னா, எதுக்கும் கொஞ்சம் கம்மியாவே வைப்போம்னு 30லயே நிறுத்திடுவாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா குழந்தைக்கு ஆபத்து. டீம் நம்பரையே எடுத்துட்டாங்க. சூடு சரியா இருந்தா "ஓகே", இல்லைன்னா "நாட் ஓகே". அவ்வளவுதான் காட்டும்.

(எம்ப்ரேஸ்க்கு முன்னாடியே, காசே செலவில்லாத வழி ஒண்ணும் இருந்துச்சு. 1970களோட கடைசியில கொலம்பியாவுல பொகோட்டா நகரத்து டாக்டர்கள், இன்குபேட்டர் பத்தாம போனப்போ, குழந்தையை அம்மா நெஞ்சோட ஒட்டிப் படுக்க வெச்சாங்க. கங்காரு முறைன்னு இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கு. புதுசா ஒண்ணு வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல ஏற்கெனவே என்ன இருக்குன்னு பார்க்கிறது நம்ம விஷயத்துக்கும் பொருந்தும். தன் பிஎஃப் பேலன்ஸ் எவ்வளவுன்னே பார்க்காம ஃபண்டு தேடுறவங்க நிறைய பேர் இருக்கோம்.)

கதையைக் கேட்டுட்டு நாங்க சாயங்காலம் திருவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கருமாரியம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டம் ஒரு பக்கம், அம்பத்தூர் எஸ்டேட்லேருந்தும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள்லேருந்தும் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க இன்னொரு பக்கம். டீக்கடை ஓரமா நின்னு கேட்க ஆரம்பிச்சோம். முதல் நாள் கேட்ட கேள்வி: "மாசம் எவ்வளவு சேமிப்பீங்க?" எல்லாரும் "ஒரு அஞ்சாயிரம் இருக்கும் ப்ரோ"ன்னாங்க. கேட்கிற ஆள் யாருன்னே தெரியாது, டீ கிளாஸ் கையில இருக்கு, யாராவது உண்மையைச் சொல்வாங்களா? நாங்களும் அதை எழுதிக்கிட்டு சந்தோஷமா திரும்பினோம். அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு மேடம் சிரிச்சாங்க. "இவ்வளவு நல்லா சேமிக்கிறவங்களுக்கு உங்க ஆப் எதுக்கு?"

ரெண்டாவது நாள் கேள்வியை மாத்தினோம். "போன மாசம் 25ஆம் தேதி கையில எவ்வளவு இருந்துச்சு? கடைசியா யார்கிட்ட கைமாத்து வாங்கினீங்க, எந்தத் தேதி?" இதுக்குத்தான் உண்மையான பதில் வந்துச்சு. பொதுவா கேட்டா பெருமை வரும், நடந்த ஒரு நாளைப் பத்திக் கேட்டா ஞாபகம் வரும்.

அதுல ஒரு தம்பியைப் பத்திச் சொல்லணும். வயசு எங்களோட ஒண்ணு ரெண்டு கூட இருக்கும், ஆனாலும் எங்களை "சார்"னுதான் கூப்பிட்டார், கையில நோட்டு வெச்சிருந்ததாலயோ என்னவோ. அம்பத்தூர்ல ஒரு சின்ன யூனிட்ல வேலை. பேசிப் பேசி, கடைசியில ஃபோனை எடுத்து பேங்க் எஸ்எம்எஸ் எல்லாத்தையும் காட்டினார். அடையாளம் தெரியக்கூடாதுன்னு தொகைகளைக் கொஞ்சம் மாத்தி எழுதுறேன்.

கைக்கு வர்ற சம்பளம் 19,500. வர்றது 7ஆம் தேதி, சில மாசம் 9 ஆயிடும். 1ஆம் தேதி எஸ்ஐபி 1,000. 5ஆம் தேதி வீட்டு வாடகை 6,500. அதே 5ஆம் தேதி பைக் டியூ 3,650. 10ஆம் தேதி கம்பெனி ஆளுங்களோட போட்ட சீட்டு 2,000. ஆக, சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே 11,150 ரூபாய் வெளிய போகணும். போன மாசச் சம்பளத்துல அது மிஞ்சி இருந்தாத்தான் முடியும். அப்பா அம்மா தங்கச்சியோட இருக்கிற வீட்டுல 25ஆம் தேதி தாண்டி 11,000 மிஞ்சுமா? ஒவ்வொரு மாசமும் ஏதாவது ஒண்ணு பவுன்ஸ். சில மாசம் எஸ்ஐபியும் பைக் டியூவும் சேர்ந்தே பவுன்ஸ்.

பவுன்ஸ் ஆனா என்ன ஆகும்னு எஸ்எம்எஸ்லயே இருந்துச்சு. எஸ்ஐபி திரும்பினதுக்கு பேங்க் 500, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 590. பைக் டியூ திரும்பினதுக்கு பேங்க் இன்னொரு 590. பைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு 590. மொத்தம் 1,770. கவனிச்சீங்களா, 1,000 ரூபாய் முதலீடு பண்ணப் போய் அந்த ஒரு எஸ்ஐபிக்கு மட்டும் 590 ரூபாய் தண்டம். எந்த ஃபண்டு இதை ஈடுகட்டும்? அந்தத் தண்டத்தைச் சமாளிக்க ஒரு லோன் ஆப்ல கடன். வீட்டுல யாருக்கும் தெரியாது. "எனக்குப் பணத்தை ஹேண்டில் பண்ணத் தெரியல சார், அதான்"னு அவரே தன்னைப் பத்திச் சொன்னார். சிகரெட் இல்ல, வெளியில சாப்பாடு இல்ல, ஒரே ஒரு பழைய ஃபோன். நாங்க எழுதியிருந்த "சேமிக்கத் தெரியவில்லை"ங்கிற வரியை அவரே நம்பிக்கிட்டு இருந்தார்.

சம்பளத் தேதி அவர் தப்பும் இல்ல. 1936ல வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, ஆயிரம் பேருக்குக் குறைவா வேலை செய்யுற இடங்களுக்கு 7ஆம் தேதி வரைக்கும், அதுக்கு மேல ஆள் இருக்கிற இடங்களுக்கு 10ஆம் தேதி வரைக்கும் நேரம் குடுத்துச்சு. ஐடி கம்பெனியில மாசக் கடைசியிலயே சம்பளம் வாங்குறவங்களுக்கு இந்த ஒரு வாரம் எவ்வளவு நீளம்னு தெரியாது. வாடகையும் டியூவும் அந்த வாரத்துக்குள்ளதான் வந்து நிக்கும்.

அன்னைக்கு ராத்திரி எங்க நோட்டுல பிரச்சினையை அடிச்சுட்டு வேற எழுதினோம்: "1ஆம் தேதியிலேருந்து சம்பளம் வர்ற வரைக்கும் எப்படித் தாண்டுறது?" எம்ப்ரேஸ் டீமை நினைச்சு எங்களுக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. உடனே டீமுக்குள்ள சண்டையும் வந்துச்சு.

ஏன்னா எங்கள்ல ஒருத்தன் ரெண்டு வாரமா ராத்திரி கண் முழிச்சு அந்த ஆப்போட ஸ்கிரீன் எல்லாம் டிசைன் பண்ணி வெச்சிருந்தான். நிஜமாவே அழகா இருந்துச்சு. "இவ்வளவு செஞ்சது வேஸ்ட்டா?"ன்னு கேட்டான். எங்களுக்குப் பதில் சொல்ல முடியலை. கடைசியில ஆப் ஸ்கிரீனையும் எடுத்துட்டுப் போய் மக்கள்கிட்டயே காட்டினோம். "சூப்பரா இருக்கு ப்ரோ"ன்னாங்க. "இதுக்கு மாசம் 20 ரூபாய் குடுப்பீங்களா?"ன்னு கேட்டோம். யாரும் வாயைத் திறக்கலை. அவனே ஸ்கிரீனை மூடி பையில வெச்சான்.

இதே சண்டையை நான் இன்னைக்கும் பார்க்கிறேன், இன்சூரன்ஸ் பாலிசி ரூபத்துல. யாரோ சொந்தக்காரர் கேட்டாருன்னு எடுத்த என்டோமென்ட் பாலிசி. வருஷம் 30,000, மூணு வருஷம் கட்டியாச்சு. "இவ்வளவு கட்டினது வேஸ்ட்டா?" கட்டினது போயாச்சு, அதை வெச்சு முடிவெடுக்காதீங்க. இன்னைக்கு சரண்டர் பண்ணா என்ன வரும், அதோட இனிமே கட்டப்போற பணமும் சேர்ந்து வேற இடத்துல இருந்தா என்ன ஆகும், தொடர்ந்து கட்டினா கடைசியில என்ன வரும், இதைத்தான் ஒப்பிடணும். சில நேரம் தொடர்றதே நல்லதுன்னு கூட வரும். ஆனா கணக்கு அங்கேருந்து ஆரம்பிக்கணும். (2024 அக்டோபர்லேருந்து புதுப் பாலிசிகள்ல ஒரு முழு வருஷ பிரீமியம் கட்டியிருந்தாலே சரண்டர் தொகை உண்டுன்னு விதி வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி எடுத்ததுன்னா உங்க பாலிசி பத்திரத்தைத்தான் பார்க்கணும்.)

புராஜெக்ட்டுக்கு வர்றேன். எங்க மாதிரி, அதாவது புரோட்டோடைப், என்ன தெரியுமா? நகைக்கடையில இலவசமா குடுத்த மாதக் காலண்டர். அதுல பணம் போற தேதியில சிவப்பு, வர்ற தேதியில பச்சை. ஸ்கெட்ச் பேனா செலவு 20 ரூபாய். தம்பியோட காலண்டரைப் போட்டுப் பார்த்தா முதல் வாரம் முழுக்க சிவப்பு, அப்புறம்தான் பச்சை. அதைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

எதை எல்லாம் பச்சைக்கு அந்தப் பக்கம் தள்ளலாம்? எஸ்ஐபி தேதி நம்ம கையில இருக்கு. பழசை நிறுத்திட்டு 10ஆம் தேதிக்குப் புதுசா பதிஞ்சா போதும். பைக் பைனான்ஸ்ல தேதியை மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மிச்சம் வாடகை. ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்கவே அவருக்குப் பயம், காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு. ரெண்டு வாரம் இழுத்து, ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டுட்டார். "10ஆம் தேதின்னா 10ஆம் தேதி தம்பி, ஆனா அதைத் தாண்டக் கூடாது"ன்னு அந்தம்மா சொன்னாங்க. அவ்வளவுதான்!

இப்போ கணக்கைப் பாருங்க. சம்பளத்துக்கு முன்னாடி வேண்டியிருந்தது 11,150. எஸ்ஐபி 1,000மும் வாடகை 6,500மும் நகர்ந்ததும் மிச்சம் 3,650. ஒரு ரூபாய் கூட எக்ஸ்ட்ரா சேமிக்காம இது நடந்துச்சு. அந்த 3,650ஐ மட்டும் ஒரு தனி அக்கவுன்ட்ல நிரந்தரமா நிறுத்தி வெச்சு, பைக் டியூவை அங்கேருந்து எடுக்க விட்டா போதும். சம்பளம் வந்ததும் திரும்ப நிரப்பணும். அதைச் சேர்க்க எஸ்ஐபியை நாலு மாசம் நிறுத்தச் சொன்னோம். எஸ்ஐபியை நிறுத்தவே கூடாதுன்னு சொல்றவங்க உண்டு, நானே வீடியோவுல அப்படிப் பேசியிருக்கேன். ஆனா பவுன்ஸ் ஆகுற எஸ்ஐபிக்கு அந்த விதி பொருந்தாது. மாச எஸ்ஐபி தொடர்ந்து மூணு தடவை ஃபெயில் ஆனா ஃபண்டு கம்பெனியே ரத்து பண்ணிடும்.

தனி அக்கவுன்ட் யோசனை எம்ப்ரேஸோட "ஓகே, நாட் ஓகே"லேருந்து வந்தது. சம்பள அக்கவுன்ட்ல 12ஆம் தேதி 9,000 இருக்குன்னு ஃபோன் காட்டும். அதுல எவ்வளவு நம்ம பணம், எவ்வளவு ஏற்கெனவே அடுத்த டியூவுக்குப் போன பணம்னு அந்த நம்பர் சொல்லாது. டியூ பணத்தைப் பிரிச்சு வேற இடத்துல வெச்சுட்டா, மிச்சம் தெரியிறது எல்லாம் செலவு பண்ணக்கூடிய பணம். பார்த்ததும் புரியும்.

அமெரிக்காவுல ஒரு பேங்க் இதே மாதிரி மக்களைப் பார்த்துத்தான் ஒரு திட்டத்தைக் கண்டுபிடிச்சுது. பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஐடியோங்கிற டிசைன் கம்பெனியோட சேர்ந்து வீடு வீடா போய்ப் பார்த்தப்போ, சில அம்மாக்கள் கணக்கு நோட்டுல தொகையை ரவுண்ட் பண்ணிக் கூட்டி எழுதுறதைக் கவனிச்சாங்க. கணக்கு சுலபம், கொஞ்சம் மிச்சமும் நிக்கும். அதுலேருந்து 2005ல "கீப் தி சேஞ்ச்" வந்துச்சு: கார்டுல வாங்குற ஒவ்வொண்ணையும் முழு டாலருக்கு ரவுண்ட் பண்ணி, மிச்சச் சில்லறை சேமிப்புக் கணக்குக்குப் போகும். நம்ம ஊர்லயும் ரவுண்ட் அப் ஆப்கள் இருக்கு, நிறைய டிஜிட்டல் கோல்டுல போடுது. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி. அது தன் கட்டுப்பாட்டுக்குள்ள வராதுன்னு 2025 நவம்பர்ல செபியே எச்சரிச்சிருக்கு. ரவுண்ட் அப் பழக்கம் நல்லது, சில்லறை போய்ச் சேர்ற இடத்தைப் பாருங்க.

எங்க காலண்டரை மூணு பேர் ரெண்டு மாசம் பயன்படுத்திப் பார்த்தாங்க. ஒருத்தர் முதல் வாரத்துலயே விட்டுட்டார். இன்னொருத்தருக்கு பிரச்சினை தேதியே இல்ல, சம்பளமே பத்தலை. காலண்டர் அவருக்கு ஒண்ணும் செய்யலை. அதை நாங்க ரிப்போர்ட்ல எழுதினோம், அதுக்காக மேடம் பாராட்டினாங்க. தம்பிக்கு ரெண்டாவது மாசம் பவுன்ஸ் இல்ல. கிளாஸ்ல முதல் பரிசு நிஜமாவே ஆப் செஞ்ச டீமுக்குப் போச்சு. அது வேற கதை.

இன்னைக்கு இதைச் செய்யிறது அப்போதை விட சுலபம். கிரெடிட் கார்டு பில்லிங் சைக்கிளைக் குறைஞ்சது ஒரு தடவையாவது உங்க வசதிக்கு மாத்திக்க பேங்க் இடம் தரணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. கஸ்டமர் கேர்ல கேளுங்க. லோன் ஆப்ல ஏற்கெனவே மாட்டியிருந்தா, வருஷ வட்டி மொத்தம் எவ்வளவுன்னு சொல்ற கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் குடுத்தாங்களா, பணம் நேரா உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துச்சான்னு பாருங்க. 2022 செப்டம்பர்ல வந்த விதிப்படி ரெண்டும் கட்டாயம். இன்னொண்ணு, 15 நாளுக்கு ஒரு தடவை கடன் விவரம் கிரெடிட் பீரோவுக்குப் போகணும்னு 2025 ஜனவரியில விதி வந்துச்சு. "அடுத்த வாரம் கட்டிக்கலாம்"னு விட்ட டியூ முன்னைவிட சீக்கிரம் ரிப்போர்ட்ல ஏறும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஃபோன்ல போன மாச பேங்க் எஸ்எம்எஸ்ஸைத் தேதிவாரியா பாருங்க. பணம் போன ஒவ்வொரு தேதிக்கும் காலண்டர்ல சிவப்பு, வந்த தேதிக்குப் பச்சை. பச்சைக்கு முன்னாடி இருக்கிற சிவப்பைக் கூட்டினா ஒரு தொகை வரும். எந்த ஃபண்டுன்னு எனக்கு எழுதும்போது அந்தத் தொகையையும் சேர்த்து எழுதுங்க.